எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்ட மூன்று பைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமையடித்துக்கொள்வதற்காக எழுதும் கட்டுரை. அடக்கமான ஆளைத் தேடுபவர்கள் வேறு வலைப்பூவுக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “மே மாதம் தோழிகளோடு சென்னைக்கு வருகிறோம். முதுகுப் பையை மாட்டிக்கொண்டு நடந்தே ஊரைச் சுற்றலாம் என்று எண்ணம். முடியுமா?” முடியும் அம்மா, தாராளமாக முடியும். 1997 மே மாதம், கத்திரி வெயிலில், மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் மூன்றையும் நடந்தே முடித்தவள் நான். கூட இரண்டு தோழிகள். முதுகுப் பைப் பயணம் என்றுதான் பேர், ஆனால் பைகள்தான் எங்களோடு வரவில்லை.

எதற்கு அந்த வெயிலில் அப்படி ஒரு கூத்து? சொல்கிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவுக்குத் தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்தெருவில் பாத்திரக் கடை. நான் பட்டப்படிப்பு முடித்திருந்த நேரம். ஓர் இளைஞர் சங்கம் ஜூன் மாதம் இமயமலையில் இரண்டு வார நடைப்பயணம் அழைத்துப் போகிறது என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். பார்த்த நிமிடமே போவது என்று முடிவு செய்துவிட்டேன். என்னோடு படித்த வைதேகியும் ரோஸியும் நீ போனால் நாங்களும் என்றார்கள். வைதேகி மயிலாப்பூர், மாட வீதிக்குப் பின்னால் வீடு. ரோஸி மந்தைவெளி. இரண்டு பேர் வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: பகவதியின் அப்பா சரி என்றால் எங்களுக்கும் சரி. பகவதி நான்தான். ஆக, மூன்று பேருடைய மலையும் என் அப்பா கையில் இருந்தது.

அப்பா கல்லாவில் இருந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பனிமலை அங்கனயே கெடக்கட்டும்ட்டி. வீட்டுல இருந்து கடைக்கு வாரதுக்கே ஆட்டோ கேக்குதவ நீ. மொதல்ல நம்ம ஊரு வெயில்ல பையத் தூக்கிட்டு நடந்து காட்டு, பாப்போம்.”

“காட்டுறேன்” என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

உடனே நிபந்தனைகள் வந்தன. கடைக்காரர் அல்லவா, பேரம் என்றால் எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுவார். சனிக்கிழமை விடிகாலை மயிலாப்பூரில் கிளம்ப வேண்டும். அடையாறு போய், சுற்றி, திங்கட்கிழமை அவர் கடை திறக்கும்போது தி.நகரில் கடை வாசலில் நிற்க வேண்டும். முதுகில் பை இருக்க வேண்டும். ஆட்டோ, பஸ் கூடாது. இடையில் வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது, யார் வீட்டிலிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. இரவு தங்க மட்டும் இரண்டு இடம், அதையும் அவரே விசாரித்து ஒப்புக்கொண்டார்: முதல் நாள் அடையாற்றில் எங்கள் சீனியர் ஒருத்தி இருந்த பெண்கள் விடுதி, மறுநாள் ஆழ்வார்பேட்டையில் ரோஸியின் அத்தை வீட்டு மொட்டை மாடி. முடியாமல் போனால்? “சிவனேன்னு ஜூன் மாசம் கல்லாவுல வந்து உக்காந்துரணும். ஜாதகத்தையும் வெளிய எடுத்துருவேன். அப்புறம் அழப்பிடாது.”

ஜாதகம் என்றதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்று கையை நீட்டினேன். அவரும் சிரிக்காமல் கை கொடுத்தார்.

இனி பைகள். அந்த மூன்று பைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! என் பையில் கடைச் சரக்கு: நாலு அடுக்குத் தூக்கு, எவர்சில்வர் கூஜா, மூன்று தட்டு, மூன்று டம்ளர். பாத்திரக் கடைக்காரர் மகள் கையில் பிளாஸ்டிக் புட்டி இருந்தால் குலப் பெருமை என்ன ஆவது? வைதேகியின் பையில் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய், அவள் அம்மா நெய்யில் பொரித்த எல்லாமும். ரோஸி பையில் இரண்டு ஜீன்ஸ், பாட்டுக் கேட்கும் கருவி, அதற்கு ஒரு டஜன் பேட்டரி. மூன்று பேருக்கும் புது கேன்வாஸ் ஷூ, போர்வை. ஷூவையும் பையில்தான் வைத்திருந்தோம். இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை பைகளை வைதேகி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வைதேகியின் அம்மா பஞ்சாங்கத்தோடு காத்திருந்தார். “சனிக்கிழமை கிழக்கே சூலம்டி. நீங்க கெளம்பினதும் கிழக்கேதானே, சமுத்திரம் பார்த்துப் போறேள்? போறாததுக்கு வைதேகிக்குச் சந்திராஷ்டமம் வேற.” நாளை மாற்றலாம் என்றால் அப்பா கேட்க மாட்டார். மாமி அதற்கும் வழி வைத்திருந்தார்: பரஸ்தானம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரத்தில் மூட்டை முடிச்சை வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். பக்கத்து வீட்டு ராஜம் மாமி மகிழ்ச்சியாக இடம் கொடுத்தார். ஒன்பதரை மணிக்கு மூன்று பைகளையும் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு போய் அவர் கூடத்தில் வைத்தோம்.

“அவ்வளவுதான், நீங்க கெளம்பியாச்சு” என்றார் வைதேகியின் அம்மா. “இனிமே அந்தப் பை திரும்பி இந்த ஆத்துக்குள்ள வரப்படாது, பயணம் முடியற வரைக்கும்.”

சனிக்கிழமை ஐந்தேகால் மணிக்கு அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ரோஸி மந்தைவெளியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் ராஜம் மாமி வீட்டு வாசலுக்குப் போனோம். கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது.

தட்டினோம், கூப்பிட்டோம். எதிர் வீட்டில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் விஷயத்தைச் சொன்னார். “ராஜம்மாவா? அவங்க மூணு மணிக்கே காரு புடிச்சிகினு காஞ்சிபுரம் போயிட்டாங்கம்மா. பொண்ணுக்கு வலி எடுத்துக்கிச்சாம்.”

கைப்பேசி இல்லாத காலம். சாவி காஞ்சிபுரத்தில், பைகள் பூட்டுக்குள், நாங்கள் தெருவில். வைதேகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் பூட்டை உடைக்கக் கல் தேடினேன், பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தேடினேன். ரோஸி மட்டும் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நம்ம பையிங்க நேத்தே டூர் போயிட்ச்சு மச்சி. நம்மதான் இன்னும் போவல.”

சத்தம் கேட்டு வைதேகியின் அம்மா ஓடி வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, “உள்ள வாங்கோ, என் பொடவை ரெண்டு, போர்வை எல்லாம் எடுத்துண்டு போங்கோ” என்றார்.

“வேண்டாம் மாமி. யார் வீட்டிலிருந்தும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு பேச்சு.”

“உங்கப்பா வந்து பார்க்கவா போறார்?”

“நான் பார்ப்பேனே மாமி.”

இன்றைக்கும் என் முதுகை நானே தட்டிக்கொள்ளத் தோன்றும் பதில் அது. மாமி போகாதே என்று சொல்லவில்லை. பரஸ்தானம் செய்தாயிற்று, ஆக எங்கள் பயணம் ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டது. பாதிப் பயணத்தில் இருப்பவர்களைத் திரும்பி வா என்று எப்படிக் கூப்பிடுவார்?

எங்களிடம் இருந்தவை: உடுத்திய சுடிதார், காலில் ரப்பர் செருப்பு, ஆளுக்கொரு பணப்பை, வைதேகியின் குடை. குளத்தங்கரைப் பக்கம் போனோம். ஒரு நடைபாதை வியாபாரி அப்போதுதான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஈரிழைத் துண்டு, ஒன்று இருபது ரூபாய் என்றார். ரோஸி இடுப்பில் கை வைத்தாள். “இன்னா நைனா, மூணா வாங்கறோம்ல, பாத்துக் குடு.” மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. எலுமிச்சம்பழம், உப்பு, வேர்க்கடலை, சோப்பு, சீப்பு, குலப் பெருமை பாழாய்ப் போக ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, எல்லாம் வாங்கினோம். துண்டில் வைத்து முடிந்து, இரண்டு முனையைத் தோள் மேலாகவும் இடுப்போரமாகவும் கொண்டுவந்து மார்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டோம். முதுகில் ஒரு சின்ன மூட்டை உட்கார்ந்தது.

எனக்கு மட்டும் உள்ளே உறுத்தியது. அப்பா சொன்னது முதுகில் பை. இதைப் பை என்று ஒப்புக்கொள்வாரா?

ரோஸிக்கு அந்தக் கவலை இல்லை. “முதுவுல கீது, உள்ள சாமான் கீது. பையி இல்லன்னு எவன் சொல்லுவான்?”

கச்சேரி சாலை வழியாகக் கிழக்கே நடந்தோம். கடற்கரை ஒன்றரைக் கிலோமீட்டர். சாந்தோமை அடையும்போது சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் வந்திருந்தது. அங்கிருந்து தெற்கே பட்டினப்பாக்கம், பிறகு கிரீன்வேஸ் சாலை. மயிலாப்பூரிலிருந்து நடப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தச் சாலையில் இருபக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் பந்தல் போட்டிருந்தன, எட்டு மணி வெயில்கூட உறைக்கவில்லை. மரம் முடிந்து அடையாற்றுப் பாலத்தில் கால் வைத்ததும்தான் வெயில் என்றால் என்ன என்று தெரிந்தது. பாலத்தில் ஒதுங்க ஒரு குச்சி நிழல் கிடையாது. கீழே ஆற்றின் நாற்றம், மேலே அனல். ஒன்பதேமுக்காலுக்கு விடுதி வாசலில் போய் விழுந்தபோது ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் நடந்திருந்தோம்.

அங்கேதான் முதல் பாடம். என்னுடைய பை மட்டும் முதுகில் இருந்திருந்தால் நான் பாலத்தைத் தாண்டியிருக்கவே மாட்டேன். துண்டோ, விடுதிக் குழாயில் நனைத்துத் தலையில் போட்டால் குடை, முகத்தில் போட்டால் விசிறி, குளித்தால் துவட்ட, படுத்தால் விரிக்க. சாயங்காலம் நாலரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்தோம், இரண்டரைக் கிலோமீட்டர். ஈரத் துண்டின் மேல் கடல்காற்று பட்டபோது வைதேகி கண்ணை மூடிக்கொண்டு, “அடடா, குளிர்றதுடி” என்றாள். மே மாதம் மெட்ராசில் ஒருத்தி குளிர்கிறது என்று சொன்னாள், அதற்கு நான் சாட்சி. மாங்காய் பத்தை வாங்கித் தின்றுகொண்டு மூன்று பேரும் மகாராணிகள் மாதிரி திரும்பினோம்.

அந்த மிதப்புதான் மறுநாள் எங்களைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பூரி கிழங்கு. அதற்காகக் காத்திருந்து, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, அரட்டையும் அடித்துவிட்டுக் கிளம்பும்போது மணி பத்தரை. ஆழ்வார்பேட்டை ஐந்து கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேர வேலை என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கென்று கடல்காற்றும் வரவில்லை. மெட்ராஸ்வாசிகளுக்குத் தெரியும், கடல்காற்று நேரத்துக்கு வராத நாளில் ஊர் அடுப்பாகிவிடும். பாலத்தைக் கடக்கும்போதே வைதேகி பேச்சை நிறுத்தியிருந்தாள். அபிராமபுரத்தில் ஒரு தெருவில் திரும்பினோம். பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு, வாசலில் வாதாம் மரம். அதனடியில் வந்ததும் அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. புட்டியில் இருந்த தண்ணீரை அவள் தலையில் ஊற்றினோம். “ஒண்ணுமில்லடி, சித்த உக்காந்தா சரியாயிடும்” என்று குளறினாள்.

“ஆட்டோ!” என்று நான் போட்ட கூச்சலில் தெருமுனையில் இருந்த வண்டி அரைவட்டம் அடித்து வந்து நின்றது.

ரோஸி என் கையைப் பிடித்தாள். “பகவதி, உங்கப்பா...”

“எங்கப்பா கிடக்கிறார், ஏறுடி!”

ஓட்டுநர் இறங்கி வைதேகியின் தோளைத் தாங்கி உள்ளே உட்கார வைத்தார். “இன்னாமா இது, இந்த வெயில்ல நடந்துகினு? அந்தத் துண்ட நல்லா நனைச்சிக் கழுத்துல சுத்துமா. இதோ தண்ணி கீது.” தன் கேனை எடுத்து நீட்டினார். ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய மருத்துவமனை வாசலில் ஐந்தே நிமிடத்தில் நிறுத்தினார். நான் பணப்பையைத் திறந்தால், “மீட்டர்ல இன்னா கீதோ அத்த குடு, போதும்” என்றார். மெட்ராஸ் ஆட்டோக்காரர் மீட்டர் காசு மட்டும் வாங்கிய அந்த அதிசயத்தை நான் இத்தனை வருடத்தில் யாரிடம் சொல்லியும் ஒருவர்கூட நம்பவில்லை.

மருத்துவர் அம்மா எங்களை நன்றாகத் திட்டினார். “பதினோரு மணி வெயில்ல யாரும்மா உங்களை ஊர்வலம் போகச் சொன்னது?” வைதேகியை மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். மூன்று மணி நேரத்தில் வியர்க்க ஆரம்பித்தது. வியர்வையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். சாயங்காலம் நாலு மணிக்கு, வெயிலில் மட்டும் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ரோஸியின் அத்தை வீடு அதே தெருவில்.

மொட்டை மாடியில் துண்டை விரித்துப் படுத்தோம். வைதேகி விசும்பினாள். “என்னாலதான்டி எல்லாம் போச்சு. உங்கப்பா இனி விட மாட்டார். நீங்க ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு வந்திருந்தா மலைக்காவது போயிருக்கலாம்.”

“வாயை மூடு. உன்னைத் தெருவில் போட்டுவிட்டு எந்த மலைக்குடி போவேன் நான்?” என்றேன். எனக்குக் கோபமான கோபம். வெயில் மேல், பூரி மேல், என் மேல். ஆட்டோ ஏறியது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சரியான காரியத்தைச் செய்ததற்காக மலையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? புரண்டு புரண்டு படுத்தேன். பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

“ஆட்டோவில் எவ்வளவு தூரம் வந்திருப்போம்?”

“ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும். இன்னாத்துக்கு?”

“காலையில் அந்த வாதாம் மரத்துக்கே திரும்பிப் போவோம். அங்கேயிருந்து நடப்போம். அப்படி நடந்துவிட்டால் நாம் நடக்காத தூரம் என்று எதுவுமே இல்லை.”

ரோஸி என்னை உற்றுப் பார்த்தாள். “லூசாடி நீ?” என்றாள். துண்டை இழுத்து விட்டுக்கொண்டே, “எத்தினி மணிக்கு எழுப்பணும்?” என்றாள். அதுதான் ரோஸி.

வைதேகியை வேண்டாம் என்றோம். அவள் அத்தை வீட்டில் இருக்கலாம், வெயில் தாழ அவள் அம்மா வந்து கூட்டிப்போவார். அவள் கேட்கவில்லை. வெயில் வரும் முன் நடந்துவிட்டால் என்ன என்றாள். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரை வயிறு நிறையக் குடித்துவிட்டு இறங்கினோம். தெருவில் இறங்கியதும் அவள் ஞாபகம் வந்தவளாக நின்றாள். “ஏய், இன்னிக்கும் கிழக்கே சூலம்டி.”

“நம்ம பையிங்க இன்னும் பரஸ்தானத்துலதான் கீது. நட” என்றாள் ரோஸி.

வாதாம் மரத்தடிக்கு வந்தோம். மூன்று பேரும் மரத்தைத் தொட்டோம், திரும்பினோம், வந்த வழியே நடக்க ஆரம்பித்தோம். தெருமுனையில் அதே ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றுவிட்டது.

“இன்னாமா, நேத்து ஆட்டோல போன வழியிலயே இன்னிக்கு நடந்துகினு போறீங்க?”

“விட்டுப்போன தூரம் அண்ணே, அதை நடக்கிறோம்” என்றேன்.

அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாத்தானே இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார்.

ஆழ்வார்பேட்டை தாண்டி, தேனாம்பேட்டை சிக்னல் தாண்டி, பாண்டி பஜாரின் மூடிய கடைகள் தாண்டி நடந்தோம். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. துண்டின் ஓரத்தைக் கிழித்துக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஏழேகால் மணிக்குள் கடைத் தெரு வந்துவிட்டது. வைதேகிக்கு நன்றாகவே வியர்த்துக்கொண்டிருந்தது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். பனகல் பூங்காவில் அவளை நிழலில் உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தோம். அப்பா திங்கட்கிழமைகளில் ராகு காலம் கழித்து, ஒன்பது மணிக்குத்தான் கடை திறப்பார். அதற்குச் சற்று முன் கடை வாசலில் போய் வரிசையாக நின்றோம்.

அப்பா சாவியோடு வந்தார். என் கால் கட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். “பை எங்கட்டி?”

திரும்பி முதுகைக் காட்டினேன்.

கடையைத் திறந்தார், விளக்கேற்றிக் கும்பிட்டார். என் முதுகு மூட்டையை அவிழ்த்து வாங்கிப் பித்தளைப் பாத்திரம் நிறுக்கும் தராசில் வைத்தார். முக்கால் கிலோகூட வரவில்லை. “மீதி எங்க?” என்றார். பரஸ்தானம், பூட்டு, காஞ்சிபுரம் எல்லாம் சொன்னேன். அப்பாவின் மீசை துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பா? “ஒரு தடவை ஆட்டோ ஏறினேன்ப்பா” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. வைதேகிக்கு ஆனதையும், காலையில் வாதாம் மரம் வரை போய்த் திரும்ப நடந்ததையும் முழுக்கச் சொன்னேன். “உங்க நிபந்தனையில ஆட்டோ ஏறக் கூடாதுன்னு இருக்கு. ஏறிட்டேன். இனி மறுபடி அப்படி ஆனாலும் ஏறுவேன். ஆனா நடக்காத தூரம்னு ஒரு அடிகூடக் கிடையாது. இப்போ நீங்களே சொல்லுங்க.”

அப்பா பதில் சொல்வதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார், குடம் வாங்க. அப்பா குடத்தைக் காட்டவில்லை. என்னைக் காட்டினார். “இது எம் மக. ரெண்டு நாளா கத்திரி வெயில்ல நடந்தே வந்திருக்கா. கூட்டாளிக்கு முடியலன்னு ஆட்டோல ஏத்திட்டுப் போயிருக்கா. அந்த ஆட்டோல போன தூரத்தையும் இன்னைக்கு விடியக்காலையில போயி நடந்துட்டு வந்திருக்கா!”

“ஏன்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“ஏனா? என்ன கேள்வி கேக்கிய!” என்றார் அப்பா. அந்தக் கதையை அவர் அடுத்த பல வருடங்களுக்குக் குடம் வாங்க வந்தவர்கள், குத்துவிளக்கு வாங்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் தூரம் கொஞ்சம் கூடும்.

செவ்வாய்க்கிழமை ராஜம் மாமி திரும்பினார், பேரன் பிறந்த சர்க்கரையோடு. பைகளும் வந்தன. என் பையை அப்பா தராசில் வைத்தார். பதினேழு கிலோ. வைதேகியின் பையில் எறும்புகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன.

இனி கேள்வி கேட்ட வாசகிக்கு. மே மாதம் வாருங்கள், பயப்படாதீர்கள். ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பித்து ஒன்பதுக்குள் நிழலில் ஒதுங்கிவிடுங்கள். மறுபடி கிளம்புவது நாலரைக்கு மேல். கடல்காற்று வராத நாள் என்றால் அதுவும் வேண்டாம். பூரிக்காகக் காத்திருக்காதீர்கள். தாகம் எடுக்கும் முன்பே உப்பு, எலுமிச்சை போட்ட தண்ணீர் அல்லது மோர் குடியுங்கள். கூட வருபவள் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நடையை நிறுத்துங்கள். உடம்பு சுட்டு, வியர்வை நின்றால் யோசிக்காமல் வண்டியைப் பிடித்து மருத்துவரிடம் போங்கள். விட்ட தூரம் எங்கும் ஓடிவிடாது, மறுநாள் நடக்கலாம். பையைக் கட்டி முடித்ததும் பாதியை எடுத்து வெளியே வையுங்கள், பிறகு மிச்சத்திலும் பாதியை. ஈரிழைத் துண்டு மட்டும் கட்டாயம். கிரீன்வேஸ் சாலை மரங்களில் எத்தனை மிச்சம் என்று எனக்குத் தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜூனில் மலைக்குக் கிளம்பினோம், மூன்று பேரும். என் பை ஏழு கிலோ, கடைத் தராசில் அப்பாவே நிறுத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் காலை வைதேகியின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். “நாளைக்கு நாள் அவ்வளவு நன்னா இல்லை. பரஸ்தானத்துக்கு ஒரே ஒரு துணி போறுமாம்டி, வாத்தியார் சொன்னார். போன தடவை நான்தான் தெரியாம மூணு பையையும் தூக்கச் சொல்லிட்டேன்.”

ஒரு மாதமாகப் பரஸ்தானத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த என் அப்பா, கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினார். “ஏட்டி, அந்தத் துண்டக் குடு. மாமி கேக்காவல்லா. நானே கொண்டுபோய் வச்சிட்டு வாரேன்.”

ஓரம் கிழிந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

“துண்டு என்கூட வரும்ப்பா. வேணும்னா பையை வச்சிட்டு வாங்க.”